மரமட்டையும் உலோகமட்டையும்

செலவைக் குறைக்க எண்ணிக் கருவியை மாற்றுவோர் பலர். ஆனால், கருவி மாறினால் அதனைக் கையாளும் கலையும் மாறிவிடும். இவ்வுண்மைக்கு எடுத்துக்காட்டாக அமைவது ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிகளில் நிகழ்ந்த பேஸ்போல் மட்டையின் வரலாறு.

எல்லே ஆட்டத்தைக் கண்டோர்க்குப் பேஸ்போலின் அமைப்பு எளிதில் விளங்கும். ஒருவன் பந்தெறிய, மற்றொருவன் உருண்டு நீண்ட மட்டையால் அதனை அடித்துவிட்டு, தளங்களைச் சுற்றி ஓடுவான். அம்மட்டை நெடுங்காலம் மரத்தாலேயே கடையப்பட்டது. வன்மையும் நெகிழ்வும் ஒருங்கே வாய்ந்த வெள்ளை ஆஷ் மரம் அதற்கு உகந்ததெனக் கருதப்பட்டது. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரம் இத்தொழிலாற் பெரும்புகழ் பெற்றது.

ஆயினும், மரத்திற்கு ஒரு குறை உண்டு. கைப்பிடிக்கு அணித்தாகப் பந்து பட்டால் மட்டை முறிந்துவிடும். தொழின்முறை அணிகள் இவ்விழப்பைத் தாங்கின. கல்லூரிகளுக்கோ அது பெருஞ்சுமையாயிற்று. உலோகத்தால் மட்டை செய்யும் எண்ணம் அக்காலத்திற் புதியதன்று. 1924ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஷ்ரோயர் என்பார் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1970ஆம் ஆண்டையொட்டி அலுமினிய மட்டைகள் விற்பனைக்கு வந்தன. 1974இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அவற்றிற்கு அனுமதி வழங்கியது. முறியாத மட்டை கிடைத்தது. செலவு குறையுமெனக் கல்லூரிகள் மகிழ்ந்தன.

துடுப்பாட்ட உலகம் வேறு வழியிற் சென்றது. 1979 டிசெம்பரிற் பேர்த் நகரில் ஆஸ்திரேலிய வீரர் டெனிஸ் லில்லி அலுமினியத் துடுப்புடன் களமிறங்கியபோது, அது பந்தைச் சிதைக்கிறதென இங்கிலாந்து அணித்தலைவர் முறையிட்டார். பின்னர் துடுப்பின் அலகு மரத்தாலேயே ஆகவேண்டுமென விதி செய்யப்பட்டது. அங்கே கதவு விரைவில் அடைபட்டது. அமெரிக்கக் கல்லூரிகளிலோ அது திறந்தே கிடந்தது.

உலோகமட்டை முறியாததோடு நில்லாது, பந்தை மிக விரைவாகவும் செலுத்தியது. இதற்குக் காரணம் யாது? திண்ணிய மரத்தில் மோதும் பந்து நசுங்கித் தன் ஆற்றலிற் பெரும்பகுதியை இழக்கிறது. உள்ளீடற்ற உலோகமட்டையின் மெல்லிய சுவரோ சற்றே உள்வாங்கி மீண்டும் எழுந்து, அவ்வாற்றலின் ஒரு பகுதியைப் பந்துக்கே திருப்பிக் கொடுக்கிறது. மேலும், நுனிப்பாரம் குறைந்திருத்தலால் மட்டையை விரைந்து வீசவும் முடிகிறது. முன்னர் அடிப்போனின் உடலுக்கு அணித்தாகப் பந்தெறிந்து மட்டையை முறிப்பது எறிவோனின் திறமைகளுள் ஒன்றாயிருந்தது. உலோகத்தின் முன் அத்திறமை பெரிதும் பயனற்றுப் போயிற்று.

1998ஆம் ஆண்டு ஒமாஹா நகரில் நடைபெற்ற கல்லூரி உலகத்தொடரின் இறுதியாட்டத்தில், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை 21க்கு 14 என்னும் கணக்கில் வென்றது. பேஸ்போலில் இது மிகப் பெருந்தொகை. ஆட்டத்தின் சமநிலை குலைந்துவிட்டதெனப் பலரும் கவலையுற்றனர். அதன்பின் சங்கம் மட்டையின் எடைக்கும் பருமனுக்கும் வரம்பு வகுத்தது. 33 அங்குல நீள மட்டை 30 அவுன்சுக்குக் குறையலாகாது. அதன் விட்டம் இரண்டே எட்டில் ஐந்து அங்குலத்தைத் தாண்டலாகாது.

எனினும், கவலை ஓட்டக் கணக்கோடு முடியவில்லை. பந்தெறிவோன் நிற்குமிடம் அடிப்போனின் தளத்திலிருந்து அறுபது அடி ஆறு அங்குலத் தூரமே. எறிந்து முடிக்கையில் அவன் இன்னும் அணித்தாகிவிடுவான். தன்னை நோக்கித் திரும்பிவரும் பந்தினின்று விலக அவனுக்கு அரை வினாடியும் வாய்ப்பதில்லை. 2003இல் மொன்டானா மாநிலத்தில் உலோகமட்டையிலிருந்து பாய்ந்த பந்து தலையிற் பட்டு இளம் பந்தெறிவோன் ஒருவன் உயிரிழந்தான். அவன் ஆடியது கல்லூரி ஆட்டமன்று. ஆயினும் அத்துயரம் நாடெங்கும் விவாதத்தை எழுப்பியது. மரமட்டையாலும் இத்தகைய விபத்து நேரலாமென உலோகத்தை ஆதரித்தோர் வாதிட்டனர். 2007இல் நியூயோர்க் நகரசபை உயர்பாடசாலை ஆட்டங்களில் உலோகமட்டையைத் தடைசெய்தது.

வேறொரு குறையும் இருந்தது. தொழின்முறைப் பேரணிகள் மரமட்டையன்றிப் பிறவற்றை ஏற்பதில்லை. உலோகத்தால் அடித்துப் பெயர்பெற்ற மாணவன் மரத்தாலும் அவ்வாறு அடிப்பானா என்பதை எவ்வாறு அறிவது? கல்லூரி வீரர் கோடையில் ஆடும் கேப் கொட் சங்கம் 1985இலேயே மரமட்டைக்குத் திரும்பியது. திறமையைத் தேடி வருவோர்க்கு அக்களம் சிறந்த உரைகல்லாயிற்று.

இறுதியாக, 2011இற் கல்லூரிச் சங்கம் புதிய அளவுகோலைக் கொணர்ந்தது. உலோகமட்டை இருக்கலாம், ஆனால் அதன் துள்ளுந்தன்மை மரத்தினதைப் பெரிதும் மிஞ்சலாகாது என்பதே அதன் சாரம். பயன் உடனே தெரிந்தது. 2010இல் ஓரணி ஓராட்டத்திற்குச் சராசரியாக 0.94 ஹோம் ரன் அடித்தது; 2011இல் அது 0.52 ஆகக் குறைந்தது. 2014ஆம் ஆண்டின் கல்லூரி உலகத்தொடர் முழுவதிலும் மூன்றே ஹோம் ரன்கள் அடிக்கப்பட்டன. ஆட்டம் சுவை குன்றியதென்ற முறையீடு எழவே, 2015இற் பந்தின் தையல் தாழ்த்தப்பட்டது. காற்றின் தடை குறைந்து பந்து மீண்டும் தொலைவு செல்லலாயிற்று.

மரத்தின் குறையைத் தீர்க்க வந்த உலோகம், முப்பத்தேழு ஆண்டுகளின் பின் மரத்தைப்போல் நடந்துகொள்ளுமாறு விதியாற் கட்டுண்டது. முறியாமை என்னும் அதன் நன்மையை மனிதர் கைவிடவில்லை. அளவு மீறிய வேகத்தையே அடக்கினர். எந்தப் புதுமையையும் ஏற்குமுன் அது எதை மிச்சப்படுத்தும் என்று கேட்பது போதாது. எதை மாற்றிவிடும் என்றும் கேட்டல் வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் இரண்டாம் கேள்வியைக் காலந்தாழ்த்தியே கேட்டன.