வகுத்தியைத் தவிர்த்த கணக்கு

போல்ட்ஸ்மனும் கிப்சும் வகுத்தளித்த புள்ளியியல் இயற்பியலின்படி, ஒரு பொருளின் துகள்கள் ஓர் அமைப்பில் நிற்பதற்கான நிகழ்தகவு, அவ்வமைப்பின் ஆற்றல் கூடக் கூட அடுக்குக்குறி விதிப்படி விரைந்து குறைகிறது. ஆனால் அதை எண்ணாகச் சொல்ல, இயலக்கூடிய அமைப்புகள் அனைத்தின் எடைகளையும் கூட்டிய தொகையால் வகுத்தாக வேண்டும். ‘பகிர்வுச் சார்பு’ எனப்படும் அத்தொகையோ, துகள்கள் சில நூறானாலே நேரடிக் கணக்குக்கு எட்டாததாகிவிடும். பேய்ஸ் தேற்றத்தைக் கையாண்ட புள்ளியியலாளர்களும் இதே இடத்தில்தான் தடைப்பட்டனர். தரவைக் காண்பதற்கு முன்பிருந்த கணிப்பாகிய முன்நிகழ்தகவை, தரவு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கான அளவால் பெருக்கினால் பின்நிகழ்தகவு கிடைக்கும் என்றாலும், அங்கும் எல்லா மதிப்புகளுக்குமான கூட்டுத்தொகை வகுத்தியாக நின்றது.

இயற்பியலுக்கான வழி 1953இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. மேனியாக் கணினியில் 224 வட்டத் தட்டுகளைத் துகள்களாகக் கொண்டு, ஒவ்வொன்றையும் சமவாய்ப்பாகச் சிறிது நகர்த்திப் பார்த்தனர்: நகர்ந்தது மற்றொன்றின்மேல் ஏறினால் பழைய இடத்துக்கே திருப்பி, அந்தப் பழைய அமைப்பையே மீண்டும் ஒருமுறை கணக்கில் சேர்த்தனர். எல்லாத் தட்டுகளையும் ஒருமுறை நகர்த்தும் சுற்றுக்கு ஏறத்தாழ 3 நிமிடம் பிடித்தது. ஆற்றல் படிப்படியாக மாறும் பொருள்களில் பழைய, புதிய அமைப்புகளின் எடை விகிதமே நகர்வை ஏற்பதா என்பதை முடிவு செய்யும். விகிதம் எடுக்கும்போது வகுத்தி அடிபட்டுப் போகும் என்பதில்தான் இம்முறையின் நுட்பமெல்லாம் அடங்கியிருக்கிறது. மெட்ரோபொலிஸ், ரோசன்புளூத் தம்பதியர், டெல்லர் தம்பதியர் என ஐவர் இம்முறையை வெளியிட்ட கட்டுரைக்கான கணினி நிரலை எழுதியவர் அரியானா ரோசன்புளூத். அகரவரிசையில் முதலில் வந்தவரின் பெயரே முறைக்கு நிலைத்தது.

டொராண்டோவின் ஹேஸ்டிங்ஸ் 1970இல் இதைப் புள்ளியியலுக்கு ஏற்பப் பொதுமைப்படுத்தியும், அதைக் கவனித்தவர் சிலரே. 1984இல் ஸ்டூவர்ட், டொனால்ட் கெமன் சகோதரர்கள், மங்கிய படத்தின் புள்ளிகளைக் காந்தத்தின் அணுக்களாகப் பாவித்து, அண்டைப் புள்ளிகள் ஒத்திருக்க முனைவதை முன்நிகழ்தகவாக்கினர். ஒவ்வொரு புள்ளியையும் அதன் அண்டையைப் பொறுத்துப் புதுப்பித்த தம் முறைக்குக் கிப்சின் பெயரையே சூட்டினர். கெல்ஃபாண்டும் ஸ்மித்தும் 1990இல் அது பலவகைப் பேய்சியக் கணக்குகளுக்கும் உதவும் எனக் காட்டிய பிறகே புள்ளியியல் உலகம் விழித்துக்கொண்டது. கணினி அரிதாயிருந்தது இந்த 37 ஆண்டுத் தாமதத்துக்கு ஒரு காரணமே. ஒரு துறையார் மறுதுறையின் இதழ்களைப் புரட்டாதது அதைவிடப் பெரிய காரணமாகத் தோன்றுகிறது.

எனினும், தவிர்த்த வகுத்தி வேறு வாயில் வழியாகத் திரும்பி வந்தது. இரு மாதிரிகளில் எதைத் தரவு ஆதரிக்கிறது என்று கேட்டால் அந்தத் தொகையே விடை. இயற்பியலில் அதன் மடக்கையிலிருந்தே கட்டற்ற ஆற்றல் கிடைக்கிறது. ஓர் அமைப்பை இன்னொன்றாகச் சிறுசிறு படிகளில் மாற்றி அந்த ஆற்றலின் வேறுபாட்டை அளக்க 1935இல் கிர்க்வுட் தந்த வழியை, 1998இல் கெல்மனும் மெங்கும் புள்ளியியலின் மொழியில் விரித்தெழுதினர்.