காரைக்குடியும் கண்ணாடி போல மின்னும் பல்சக்கரமும்

செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? சுண்ணாம்புச் சுவர் இவ்வளவு வழவழப்பாக இருக்குமா என்று ஆச்சரியமாக இருக்கும். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சைத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த மெருகு அது. அது அழகுக்காக. ஆனால் அதே மெருகு ஒரு இயந்திரத்துக்குள் போனால் கதையே வேறு!

ஏர்சாஃப்ட் என்ற விளையாட்டுத் துப்பாக்கிப் பிரியர்கள் அதன் கியர்பாக்ஸைப் பிரித்து, உள்ளே இருக்கும் குட்டிக் குட்டிப் பாகங்களை எமரி பேப்பரால் தேய்த்து மெருகேற்றுவார்கள். உராய்வு குறைய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். இந்த ஆசை ரொம்பப் பழசு. 1704-லேயே லண்டனில் கடிகாரத்துக்குத் துளையிட்ட மாணிக்கக் கல்லைத் தாங்கியாக வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். கடினமான, நன்றாக மெருகேறிய கல்லின் மேல் மெல்லிய எஃகு அச்சு சுழன்றால் தேய்மானம் குறைவு.

கையால் தேய்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பல்சக்கரத்தின் பற்களுக்கு இடையே விரல் போகாது. கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் பல்லின் வடிவமே மாறி, குணமாக்கப் போய் நோயை வாங்கி வந்த மாதிரி ஆகிவிடும்.

இதற்கு ஒரு வழியைக் காட்டியவர் பியர் ஜாக்கே என்ற பிரெஞ்சுக்காரர். 1930-ல் காப்புரிமை, 1935-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை. செம்பை பாஸ்பாரிக் அமிலத்தில் தொங்கவிட்டு நேர்மின் முனையோடு இணைத்தார். முலாம் பூசும்போது பொருள் எதிர்மின் முனையில் இருக்கும், உலோகம் வந்து படியும். இங்கே எல்லாம் தலைகீழ், உலோகம் கரைந்து போகும். பரப்பை ஒட்டி ஒரு கெட்டியான திரவப் படலம் உண்டாகிறது. மேட்டின் மேல் அது மெல்லியது, பள்ளத்தில் தடிமன். அதனால் மேடு வேகமாகக் கரைகிறது, பள்ளம் மெதுவாகக் கரைகிறது. யாரும் தொடாமலே பரப்பு பளபளக்கிறது!

சரி, காரைக்குடி எங்கே வந்தது? இப்படி மின்சாரமும் வேதியியலும் சேரும் விஷயங்களை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. காரைக்குடி அப்போது பெரிய தொழில் நகரம் இல்லை. இருந்தும் அங்கே வந்ததற்குக் காரணம் வள்ளல் அழகப்பச் செட்டியார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். கோயில், சத்திரம் கட்டுவதற்குப் பெயர் போன ஊரில் ஒருவர் அமிலத் தொட்டிக்கும் மின்பகுளிக்கும் பணம் கொடுத்தார் என்பதுதான் இதில் பெரிய விஷயம். 1957-ல், 50 வயது கூட ஆகாமல் அவர் மறைந்தார். முலாம் பூசுதல், உலோகப் பரப்பைச் சீர்செய்தல், துருவைத் தடுத்தல் எல்லாம் அந்த நிறுவனத்தின் ஆய்வுத் துறைகளில் அடங்கும்.

ஆனால் மின்னுவதெல்லாம் நன்றாக ஓடுமா? ஓடாது. ஆழமான கீறலை இந்த முறை அழிக்காது. மின்சாரம் முனைகளில் அதிகம் பாய்வதால் கூரான விளிம்புகள் மழுங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. இரண்டு உலோகங்கள் உண்மையில் தொட்டுக்கொள்வது ஒரு சில நுனிகளில் மட்டும்தான், அங்கே அவை ஒட்டிக்கொள்வதாலேயே உராய்வு வருகிறது என்று 1950-ல் வந்த தங்கள் புத்தகத்தில் பவுடனும் டேபரும் விளக்கினார்கள். அளவு பார்க்க உதவும் ஜோஹான்சன் எஃகுக் கட்டைகளையே பாருங்கள். மிக வழவழப்பாக இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும்! எஞ்சின் சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கு நெடுக்காக மெல்லிய கோடுகளை வேண்டுமென்றே விடுவதும் எண்ணெய் தங்கத்தான். பல்சக்கரத்துக்கும் மெருகு பாதி வேலைதான், மீதி கிரீஸின் வேலை.