ஐந்து சென்டிமீட்டர் மண்

2011 மார்ச் 15 அன்று, ஜப்பானில் விபத்துக்குள்ளான புகுஷிமா அணுமின் நிலையத்திலிருந்து கிளம்பிய கதிரியக்கத் துகள்களைக் காற்று வடமேற்குப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அந்தத் திசையில், சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மலைப்பாங்கான இடத்தில் ஈட்டாட்டே என்ற கிராமம் இருந்தது. மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஊர். ஏறக்குறைய ஆறாயிரம் பேர் வாழ்ந்தார்கள். அன்று பெய்த மழையும் அதைத் தொடர்ந்த பனியும் துகள்களை அப்படியே வயலிலும் காட்டிலும் இறக்கிவிட்டன. உலைக்குப் பக்கத்திலிருந்த சில ஊர்களைவிட இங்கே கதிர்வீச்சு அதிகம். இருந்தும் மக்களை வெளியேற்ற வேண்டிய பகுதியாக ஊரை அரசு அறிவித்தது ஏப்ரல் 22-ல்தான்.

விழுந்தவற்றில் அயோடின்-131 எட்டு நாளுக்கொருமுறை பாதியாகக் குறைந்து சில மாதங்களில் மறைந்தது. நிலைத்து நின்றது சீசியம். அதிலும் இரண்டு வகை: பாதியாகக் குறைய இரண்டாண்டு எடுக்கும் சீசியம்-134, முப்பதாண்டு எடுக்கும் சீசியம்-137. தொடக்கத்தில் இரண்டின் கதிரியக்கமும் ஏறத்தாழ சம அளவில் இருந்தது.

சீசியத்துக்குக் களிமண்ணோடு ஒட்டுறவு அதிகம். மைக்கா போன்ற கனிமத் தகடுகளின் இடுக்கில் புகுந்துகொண்டால் மழைநீர் அதை எளிதில் கழற்ற முடியாது. அதனால் பெரும்பகுதி மேல் ஐந்து சென்டிமீட்டரிலேயே தங்கிவிட்டது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் நிலம் தேறிவிடும். ஆனால் எருவிட்டு, உழுது, தலைமுறைகளாகச் சேர்த்த சத்தெல்லாம் இருப்பதும் அந்த மேல்மண்ணில்தான்.

2012 ஜனவரியில் டோக்கியோ பல்கலைக்கழக மண்ணியல் பேராசிரியர் மசாரு மிசோகுச்சி, ஈட்டாட்டே விவசாயிகளோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். குளிரில் வயலின் மேல்மண் உறைந்து இறுகியிருந்தது. இயந்திரக் கரண்டியைக் கீழே கொடுத்து நெம்பியதும் தோசையைப் புரட்டுவதுபோல் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. அந்த மண்ணை அதே வயலில் குழி வெட்டிப் புதைத்து மேலே நல்ல மண்ணைப் போடலாம் என்பதையும் அவர்கள் செய்து பார்த்தார்கள்.

அரசு வேறு வழியில் போனது. புகுஷிமா மாநிலத்தின் மாசுபட்ட பகுதிகளில் மேல்மண் வழிக்கப்பட்டு, ஒரு கன மீட்டர் கொள்ளும் கருப்பு மூட்டைகளில் கட்டப்பட்டது. வழித்த வயல்களில் மலை மணல் கொட்டப்பட்டது. மூட்டைகள் நெல் விளைந்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காகக் கிடந்தன. 2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயல் வந்தபோது டாமுரா முதலிய இடங்களில் சில மூட்டைகள் ஆற்றோடு போயின.

கதிரியக்க மண்ணை அள்ளிய கதை இதற்கு முன்பும் உண்டு. 1966-ல் ஸ்பெயினின் பலோமரேஸ் ஊர் மேல் அமெரிக்க விமானம் நொறுங்கி ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தபோது, புளூட்டோனியம் கலந்த மண்ணைச் சுமார் 4,800 பீப்பாய்களில் அடைத்து அமெரிக்காவுக்கே கொண்டுபோனார்கள். 1987-ல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்து சீசியம் வெளியே வந்தபோது சேர்ந்த கழிவு 3,500 கன மீட்டர். இரண்டையும் எடுத்துப் போய் ஓரிடத்தில் போட முடிந்தது. புகுஷிமாவில் சேர்ந்ததோ சுமார் 1.4 கோடி கன மீட்டர். பதினாறு சதுர கிலோமீட்டர் நிலத்தில் பரப்பினால் இடுப்பளவு உயரம் வரும்.

அதை வைக்க இடம் கொடுத்தவை அணுமின் நிலையம் நிற்கும் ஒக்குமா, ஃபுட்டாபா என்ற இரண்டு ஊர்கள்தாம். ஏற்கெனவே வீடு வாசலை விட்டுப் போனவர்கள் பூர்விக நிலத்தையும் விற்கவோ குத்தகைக்கு விடவோ வேண்டியிருந்தது. 2015 மார்ச்சில் மூட்டைகள் வரத் தொடங்கின. முப்பதாண்டுக்குள், அதாவது 2045 மார்ச்சுக்குள், மண் முழுவதும் புகுஷிமா மாநிலத்துக்கு வெளியே இறுதியாக அகற்றப்படும் என்று சட்டத்திலேயே எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்த வாக்குறுதிக்கு நியாயமும் இருந்தது: அந்த உலைகளின் மின்சாரம் புகுஷிமாவுக்கு வந்ததில்லை. டோக்கியோ வட்டாரத்துக்குத்தான் போனது.

1.4 கோடி கன மீட்டரையும் ஏற்க எந்த மாநிலமும் முன்வராது என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். எனவே அளவைக் குறைக்க மறுபயன்பாடு என்ற யோசனை வந்தது. ஒரு கிலோவுக்கு 8,000 பெக்கரல் கதிரியக்கத்துக்கு உட்பட்ட மண்ணைச் சாலைக்கரை, அணைக்கரை போன்ற பொதுப்பணிகளில் அடிமண்ணாகப் போடலாம் என்று 2016-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் கொள்கை வகுத்தது. சேர்ந்த மண்ணில் ஏறக்குறைய முக்கால்வாசி இந்த வரம்புக்குள் அடங்கும். அதைக் கையாளும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட்டுக்கு மேல் கூடுதல் கதிர்வீச்சு சேராது என்பது கணக்கு. உலகில் ஒரு மனிதருக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. மேலே நல்ல மண்ணைப் போட்டு மூடினால் புழுதி கிளம்பாது, காமாக் கதிரும் மட்டுப்படும்.

எதிர்த்தவர்கள் வேறொரு எண்ணைக் காட்டினார்கள். அணு உலையைப் பிரிக்கும்போது கிடைக்கும் கம்பி, கான்கிரீட்டை வெளியே விட ஜப்பானியச் சட்டம் வைத்த வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். மண்ணுக்கு மட்டும் எண்பது மடங்கா? நூறு என்பது யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்பதற்கான வரம்பு, எட்டாயிரம் என்பது மூடிவைத்து, கண்காணித்து, கணக்கு எழுதும் இடத்துக்கான வரம்பு என்றது அரசு. மூடிய மண்ணை ஐம்பதாண்டு கழித்து யார் கண்காணிப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள் மக்கள். நிஹோன்மாட்சு நகரில் சாலைக்கு அடியில் போடும் திட்டம் 2018-ல் கைவிடப்பட்டது. டோக்கியோவின் ஷின்ஜுகு கியோயென் பூங்காவில் சோதிக்கும் திட்டமும் சுற்றுவட்டார மக்களின் எதிர்ப்பால் முடங்கியது.

ஏற்றுக்கொண்ட ஊர்களில் ஒன்று, ஈட்டாட்டேயின் நாகாடோரோ பகுதி. கிராமத்தின் பிற பகுதி மக்கள் திரும்ப 2017-ல் திறந்த கதவு நாகாடோரோ மக்களுக்கு மட்டும் மூடியே இருந்தது. ஊர்ச் சீரமைப்போடு சேர்ந்துவந்த இந்தத் திட்டத்தில் அடியில் மறுபயன்பாட்டு மண், மேலே அரை மீட்டர் நல்ல மண் என வயல் அமைத்துப் பயிரிட்டார்கள். விளைச்சலில் இருந்த சீசியம், உணவுக்கான வரம்பான கிலோவுக்கு 100 பெக்கரலுக்கு வெகு கீழே. பயிர் சீசியத்தைப் பொட்டாசியம் என்று நினைத்து உறிஞ்சுகிறது; மண்ணில் பொட்டாஷ் போதிய அளவு இருந்தால் சீசியத்தைத் தேடிப் போவதில்லை. புகுஷிமாவின் நெல் வயல்களில் பொட்டாஷ் உரம் அள்ளிக் கொட்டப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

2024-ல் சர்வதேச அணுசக்தி முகமை, ஜப்பானின் அணுகுமுறை தன் பாதுகாப்புத் தரங்களுக்கு இசைந்தது என்று அறிக்கை தந்தது. 2025-ல் மறுபயன்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அந்த ஜூலையில் பிரதமர் அலுவலக வளாகத்தில் இரண்டு கன மீட்டர் புகுஷிமா மண்ணைப் போட்டு, மேலே இருபது சென்டிமீட்டர் நல்ல மண்ணால் மூடினார்கள். பிறகு டோக்கியோவின் அமைச்சக வளாகங்களுக்கும் கொஞ்சம் போனது.

2045 வரும்போது சீசியம்-134 ஏறத்தாழ முழுவதும் போயிருக்கும். 137 பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். விபத்தன்று இருந்த சீசியக் கதிரியக்கத்தில் கால்பங்குக்கும் சற்றுக் குறைவாகவே மிஞ்சும். இறுதியாக அகற்றும் இடத்துக்கான தேர்வை 2030 வாக்கில் தொடங்குவதாக அரசு சொல்கிறது. இதுவரை எந்த மாநிலத்தின் பெயரும் அதற்குச் சொல்லப்படவில்லை.