வயித்தக் கலக்குதுப்பா!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே நாக்பூரில் மகளுக்கு 200 மீட்டர் ஓட்டம், பள்ளிகளுக்கான மண்டலப் போட்டி. காலையில் தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வயித்தக் கலக்குதுப்பா."

"பயப்படாதே" என்றேன், பெரிய மனுஷத்தனமாக.

"பயப்படாம எப்படிப்பா இருக்கறது?"

இருபது வருஷமாக ஆடிட்டர்களைச் சமாளிக்கிறேன். இதற்குப் பதில் தெரியவில்லை. கடைசிக்கு முந்தின இடம்தான் வந்தாள். ஸ்கூட்டரில் வீடு வரும்வரை பின்னாலிருந்து பேச்சே இல்லை. அந்த மௌனம் என்னவோ செய்தது. ராத்திரி உட்கார்ந்து பழைய கதைகளைப் புரட்டினேன்.

முதலில் நம்ம பி.டி.உஷா. 1984, லாஸ் ஏஞ்சல்ஸ். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் நுழைந்ததே அந்த வருஷம்தான். அரையிறுதியில் முதலாவதாக வந்தவர், இறுதியிலும் நன்றாகத்தான் கிளம்பினார். ஆனால் ஆஸ்திரேலிய வீராங்கனை ஒருவர் துப்பாக்கி வெடிக்கும் முன்பே கிளம்பிவிட, எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டாம் முறை உஷாவுக்கு அந்த வேகமான தொடக்கம் அமையவில்லை. ருமேனியாவின் கோஜோகாரு 55.41 விநாடி, உஷா 55.42. நூற்றில் ஒரு விநாடியில் வெண்கலம் போனது.

அடுத்து அபினவ் பிந்த்ரா. 2004 ஏதென்ஸில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் 597 புள்ளியோடு மூன்றாம் இடம். இறுதியில் ஏழாம் இடம். தான் நின்ற இடத்தில் தரை ஓடு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் அவருக்குத் தெரிய வந்தது. மனுஷர் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. ஆடும் தரை மேல் நின்றே சுட்டுப் பழகினார். பெய்ஜிங் அரங்கம் பெரியது என்பதால் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்தார். ஒலிம்பிக்குக்கு முன் ஜெர்மனியில் ஏறத்தாழ 40 அடி உயரக் கம்பத்தில் ஏறினார். பாதியில் கை கால் நடுங்கியும் விடாமல் உச்சி வரை போனார். பயத்தோடு ஒரு வேலையை முடிக்கப் பழகுவதற்குத்தான் இதெல்லாம்!

2008 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. இறுதிக்கு முந்தைய சோதனைச் சுடுதலில் குண்டு மையத்தை விட்டு எங்கோ போனது. துப்பாக்கியின் குறிக்காட்டி கலைந்திருந்தது. கிடைத்த சில நிமிஷங்களில் சரிசெய்தார். ஒன்பது சுடுதல் முடிந்தபோது அவரும் பின்லாந்தின் ஹாக்கினெனும் 689.7 என்று சமம். கடைசி ரவுண்டில் ஹாக்கினென் 9.7, பிந்த்ரா 10.8! தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். கிளையில் பாஸ்புக் பதிய வந்த பெரியவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்றைக்கு யாரும் டோக்கன் நம்பரைப் பார்க்கவில்லை :-)

பழகிவிட்டால் பதக்கம் நிச்சயம் என்று சொல்ல வரவில்லை. 2016 ரியோவில் தாங்கி உடைந்து துப்பாக்கி கீழே விழ, குறிக்காட்டியும் உடைந்தது. மாற்று ஒன்றைப் பொருத்திச் சுட்டு, நூலிழையில் நான்காம் இடம் வந்தார். ஆனால் ஆள் நிலைகுலையவில்லை.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பயம் போகாது. என்னென்ன கெட்டுப்போகலாமோ அதையெல்லாம் முன்கூட்டியே வீட்டில் ஒருமுறை நடத்திப் பார்த்துவிட்டால், அன்றைக்கு அது புதுசாக இருக்காது.

இப்போது தினமும் காலையில் பக்கத்து மைதானத்தில் நான்தான் ஸ்டார்ட்டர். வேண்டுமென்றே இரண்டு தடவை "திரும்பி வா" என்று கூப்பிடுகிறேன். ஒருநாள் அரைமணி நேரம் சும்மா காக்க வைத்தேன். தங்கமணி என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்க்கிறார்.

வரும் ஞாயிறு அடுத்த போட்டி. "இப்பவும் கலக்குது, ஆனா பழகிடுச்சுப்பா" என்கிறாள் மகள்.

எனக்குத்தான் இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.