நிகண்டிலிருந்து தேடுபொறிவரை

இணையத்திலே ஒரு சொல்லை இட்டுத் தேடுவோர், உலகிலுள்ள ஏடுகளையெல்லாம் பொறியானது அக்கணமே புரட்டிப் பார்ப்பதாக எண்ணுவதுண்டு. உண்மையில் அது பார்ப்பது முன்னரே ஆக்கிவைத்த சொல்லடைவொன்றையேயாகும். அவ்வடைவு எவ்வாறு வளர்ந்ததென அறிந்தவரே அதனிடம் திறம்பட வினவ வல்லவராவர்.

சொல்லடைவு புதியதன்று. 13ஆம் நூற்றாண்டிலேயே பாரிசிலிருந்த டொமினிக்கன் துறவியர் இலத்தீன் விவிலியத்துக்கு அடைவு தொகுத்தனர். நம்மவரின் நிகண்டுகளோ பொருள்வகையால் அமைந்து, செய்யுளாக மனனஞ் செய்யப்பட்டன. மாணாக்கனின் நினைவே அங்கு தேடுங் கருவி. 1594இல் எழுந்த அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையைக் கைக்கொண்டமை இவ்வகையிற் சிறிய மாற்றமன்று.

இணையத் தேடலின் முன்னோடியான 'ஆர்ச்சி' 1990இல் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்திலே தோன்றியது. கோப்புகளின் பெயர்களை மட்டுமே அது அறியும். 1995இல் வந்த அல்ராவிஸ்ரா பக்கங்களின் முழுவாசகத்தையும் அடைவுபடுத்திற்று. அதனோடு புதிய இடர்ப்பாடும் வந்தது: விடை கிடையாமை போய், விடை மிகுந்தமை.

இதற்கான சிந்தனை முன்னரே தோன்றியிருந்தது. 1972இல் கரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர், பல ஆவணங்களிற் காணப்படும் சொல் அவற்றை வேறுபடுத்த உதவாது, அரிதாக வரும் சொல்லுக்கே கூடிய நிறை அளித்தல் வேண்டும் என நிறுவினார். தேடுவோர் மனங்கொள்ளவேண்டிய முதன்மையான கருத்து இதுவேயென்பது என் துணிபு. 'இலங்கை வரலாறு' என வினவுபவனுக்குப் பொறி எதையுந் தரலாம். 'இராசகாரியம்', 'கோல்புறூக்' ஆகிய இரு சொற்களையுஞ் சேர்த்து வினவுபவனோ 1830களின் சீர்திருத்தங்களை நேரே சென்றடைவான். ஆகவே நன்கு தேடுவதற்கு ஓரளவு முன்னரே படித்திருத்தல் வேண்டும். குறுக்குவழி நாடுவோர்க்கு இது உவப்பான செய்தியன்று!

1998இல் லாரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகிய ஸ்ரான்போட் மாணவர் இருவர், ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் அளிக்கும் இணைப்புகளை மேற்கோள்களாகக் கொண்டு அதன் தகுதியைக் கணித்தனர். இயூஜின் கார்பீல்ட் 1960களில் வெளியிட்ட அறிவியல் மேற்கோளடைவின் தடத்தை இதிற் காணலாம். கூகிள் இவ்வடிப்படையிலேயே எழுந்தது. எனினும் பலராற் சுட்டப்பட்டது மேலெழ, சுட்டுவாரற்ற ஊர்வரலாறும் சிற்றிதழ்க் கட்டுரையும் கீழே அமிழ்ந்துவிடும். முதற்பக்க விடைகளை மட்டுங்கொண்டு ஆய்வெழுதுபவன், அடைவில் மேலே இல்லாததை நிகழாததாகவே கொள்ளும் அபாயம் உண்டு.

தமிழிலே தேடுவோர்க்கு வேறு தடைகளும் உள. 'கிராமம்' என இட்டால் 'கிராமத்தின்' என்ற வடிவம் அகப்படாமற் போகலாம். வேற்றுமையேற்ற வடிவங்களைத் தனித்தனியே இட்டுப் பார்த்தல் நன்று. நாம் 'ரொறன்ரோ' என எழுத, தமிழகத்தார் 'டொராண்டோ' என்பர், இரண்டையுந் தேடவேண்டும். ஒருங்குறி பரவுமுன் பாமினி எழுத்துருவில் ஏற்றப்பட்ட பக்கங்கள் கண்ணுக்குத் தமிழாயினும் பொறிக்கு அவை உரோம எழுத்துகளின் கோவையே. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலே ஈழத்து நூல்களும் இதழ்களும் ஏராளமாகச் சேர்ந்துள்ளன. அவற்றுட் பல பக்கங்களின் படப்பதிவுகளாதலின், உள்ளிருக்குஞ் சொல்லைப் பொறி காணாமற் போகலாம். அங்கே ஆசிரியர் பெயராலும் இதழின் பெயராலும் ஆண்டாலும் தேடி, பின்னர் பக்கம் பக்கமாகக் கண்ணாற் படித்தே செல்லவேண்டியிருக்கலாம்.