கடுகு டப்பா எங்கே? வீட்டை ஒழுங்குபடுத்தக் கிளம்பிய மூன்று பெண்களின் கதை

இந்த எபிசோட் ஒரு கடுகு டப்பாவில் ஆரம்பிக்கிறது.

போன வருஷம் சேர்ந்தாற்போல மூணு நாள் லீவு கிடைத்தது. அம்மா ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தாங்க. நான் யூடியூபில் வீட்டை ஒழுங்குபடுத்துற வீடியோக்களாகப் பார்த்துவிட்டு, அவங்க சமையலறையில் கை வைத்தேன். ஒரே அளவில் 24 டப்பா வாங்கி, எல்லாவற்றிலும் லேபிள் ஒட்டி, அகர வரிசையில் மேல் தட்டிலிருந்து அடுக்கினேன். அரிசி, உப்பு, கடுகு எல்லாம் மேலே. வெந்தயம் கீழே. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். ஏகப்பட்ட ஹார்ட்.

திரும்பி வந்த அம்மா, "நல்லா இருக்குடா" என்று மட்டும் சொன்னாங்க. ரெண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பழைய அஞ்சறைப்பெட்டி அடுப்புப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏன்மா என்று கேட்டேன். "எண்ணெய் காய்ஞ்சதுக்கு அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறிக் கடுகு எடுக்கச் சொல்றியா?"

சாஃப்ட்வேர் எழுதுற எனக்கு இந்தத் தப்பு நல்லாத் தெரியும். யூசரிடம் பேசாமலேயே ப்ராடக்ட் பண்ணியிருக்கிறேன். இதே தப்பை எனக்கு முன்னாடி யார் யார் பண்ணியிருக்காங்க என்று தேடினேன். அந்தத் தேடல் என்னை நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்காவுக்குக் கூட்டிப் போனது.

1911-ல் ஃபிரடரிக் டெய்லர் என்ற பொறியாளர், தொழிற்சாலை வேலையை அறிவியல் முறைப்படி நிர்வகிப்பது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளப்பது, வீண் அசைவை வெட்டுவது, மிச்சத்தை விதியாக்குவது, இதுதான் அவர் வழி. அந்த நாட்களில் அமெரிக்கத் தொழில் உலகம் முழுக்க இதே பேச்சு.

அந்தப் பேச்சைத் தன் வீட்டுக்குள்ளேயே கேட்டவர் கிறிஸ்டின் ஃபிரடரிக். கணவர் வணிகத் துறையில் இருந்தவர், நண்பர்களோடு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். ஆலைக்குப் பொருந்துவது அடுப்படிக்கு ஏன் பொருந்தாது என்று கிறிஸ்டின் யோசித்தார். 1912-ல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' பத்திரிகையில் தொடராக எழுதினார், அடுத்த வருஷமே அது புத்தகமானது. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கணும், பாத்திரம் கழுவும்போது எந்தக் கை எங்கே போகணும் என்றெல்லாம் அளந்தார். ரெண்டு சமையலறைப் படம் வரைந்து, சமைக்கிறவர் நடக்கிற பாதையைக் கோடாகக் காட்டினார். ஒன்றில் நூல் சிக்கிய மாதிரி கோடுகள். இன்னொன்றில் நேரான சில கோடுகள் மட்டும்.

ஒரு டெவலப்பராக அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. ஆனால் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. ஆலையில் அளக்கிறவர் ஒருவர், வேலை செய்கிறவர் வேறொருவர். கிறிஸ்டினின் வீட்டில் மேலாளரும் தொழிலாளியும் ஒரே பெண். இருக்கிற வேலையோடு தன்னைத் தானே மேற்பார்வை பார்க்கிற வேலையும் அவர் தலையில் ஏறிவிட்டது.

இன்னொரு திருப்பமும் இருக்கிறது. அதே கிறிஸ்டின் 1929-ல் விளம்பரக்காரர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். இல்லத்தரசியை எப்படி அதிகம் வாங்க வைப்பது, பொருள் தேயும் முன்பே எப்படிப் புதுசுக்கு மாற வைப்பது என்பதுதான் விஷயம். வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லித் தந்தவரே வீட்டை நிரப்பவும் சொல்லித் தந்தார். ஒழுங்குக்காக 24 டப்பா வாங்கின எனக்கு, இதைப் படிக்கும்போது சிரிக்கவும் முடியவில்லை.

கிறிஸ்டினின் புத்தகம் 1920-களின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழிக்குப் போனது. அதை ஆர்வத்தோடு படித்தவர்களில் ஒருவர் மார்கரேட்டே லிஹாட்ஸ்கி, பின்னாளில் ஷூட்டே-லிஹாட்ஸ்கி. ஆஸ்திரியாவில் கட்டடக் கலை படித்த முதல் பெண்களில் ஒருவர். முதல் உலகப் போருக்குப் பிறகு ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் கடுமையான வீட்டுப் பஞ்சம். எர்ன்ஸ்ட் மாய் என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் நகராட்சி ஆயிரக்கணக்கில் குடியிருப்புகள் கட்டியது. அவற்றுக்கான சமையலறையை வடிவமைக்கும் பொறுப்பு 1926-ல் லிஹாட்ஸ்கிக்கு வந்தது.

ரயிலின் உணவுப் பெட்டியில் இத்துனூண்டு இடத்தில் எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்று அவர் கவனித்தார். ஸ்டாப்வாட்சும் கையில் எடுத்தார். கடைசியில் வந்தது சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம் கொண்ட அறை. சக்கரை, அரிசி போன்ற சாமான்களுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். மாவுக்கு மட்டும் ஓக் மரத்தில், புழு வராமல் இருக்க. சுவரில் மடக்கி வைக்கிற இஸ்திரிப் பலகை. உட்கார்ந்து காய் நறுக்கச் சுழலும் ஸ்டூல். ஏறக்குறைய 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இன்றைக்கு நம்ம ஊர் அப்பார்ட்மெண்டில் விற்கிற மாடுலர் கிச்சனுக்கு இதுதான் கொள்ளுப்பாட்டி.

லிஹாட்ஸ்கியின் நோக்கம் பெரியது. பெண் சொந்தக் காலில் நிற்பாள், வெளியே வேலைக்குப் போவாள், அவளுடைய நேரத்தை அடுப்படி தின்னக் கூடாது என்று நினைத்தார். ஆனால் அதுவரைக்கும் தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அது அந்த அறையிலும் தெரிந்தது. தொழிலாளர் வீடுகளில் அதுவரை சமையலறைதான் எல்லாரும் கூடுகிற இடம். சாப்பாடு, பேச்சு, பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம் அங்கேதான். புது அறையில் ஒருத்தர் நின்றால் இன்னொருத்தருக்கு இடமில்லை. அலுமினிய இழுப்பறைகள் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தன, உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று யோசிச்சுக்கோங்க.

பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்த வந்த அறை, இந்த வேலை ஒருத்தருடையது மட்டும்தான் என்பதைச் சுவர் வைத்துச் சொல்லிவிட்டது. கணவர் உள்ளே வந்து கை கொடுக்க நினைத்தாலும் இடிபடுவார். 1970-களில் பெண்ணியவாதிகள் வைத்த விமர்சனமும் இதுதான்.

இதற்காக லிஹாட்ஸ்கியைச் சின்னவராக நினைக்க வேண்டாம். நாஜிகளுக்கு எதிரான ரகசிய வேலைக்காக 1941-ல் வியன்னாவில் கைதாகி, 1945 வரை சிறையில் இருந்தவர். 102 வயது வரை வாழ்ந்தார். கடைசி வரைக்கும் ஆட்கள் இந்த ஒரு சமையலறையைப் பற்றியே கேட்டது அவருக்குச் சலிப்பாக இருந்தது.

மூணாவது ஆள், மறுபடியும் அமெரிக்காவில். லில்லியன் கில்பிரெத். இவரும் கணவர் ஃபிராங்கும் ஆலைகளில் அசைவுகளை ஆராய்ந்தவர்கள். 12 பிள்ளைகள் பெற்றவர். 1924-ல் ஃபிராங்க் திடீரென்று இறந்துவிட, ஒரு பெண்ணுக்கு ஒப்பந்தம் தர ஆலைகள் தயங்கின. அதனால் 'பெண்கள் விஷயம்' என்று உலகம் ஒத்துக்கொண்ட இடத்துக்கு, சமையலறைக்கு, அவர் வந்தார். இவருக்கும் சமையலில் பெரிய பழக்கம் கிடையாது.

ஆனால் தனக்குத் தெரியாது என்பது இவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் பெண்களிடம் போய்க் கேட்டார். மேடை உயரம் சமைக்கிறவரின் உயரத்துக்குத் தக்கபடி மாற வேண்டும் என்றார். ஒரு சோதனையில் அதே கேக்கைப் பழைய அமைப்பிலும் புதிய அமைப்பிலும் செய்து பார்த்தபோது, 281 அடி நடந்த இடத்தில் 45 அடி வைத்தாலே போதும் என்றானது. காலால் மிதித்துத் திறக்கிற குப்பைத்தொட்டி, ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிற தட்டு, ரெண்டுமே இவர் பெயரில் சொல்லப்படுகின்றன. 1940-களில் இதய நோய் உள்ளவர்கள் களைத்துப்போகாமல் சமைக்கும்படியான சமையலறையையும் வடிவமைத்தார். யார் நின்று வேலை செய்யப் போகிறார்கள் என்பதிலிருந்து யோசிக்கத் தொடங்கியதால்தான் அது முடிந்தது.

அவர் வீட்டிலும் ஒரு விஷயம் இருந்தது. பிள்ளைகளின் வேலைப் பட்டியல் சுவரில் தொங்கும். முடித்ததும் அவரவரே குறிப்பார்கள். வீட்டு வேலைகளைப் பேசி முடிவு செய்யக் குடும்பக் கூட்டம் நடக்கும். அங்கே ஒழுங்கு என்பது வேலையைப் பகிர்வதற்கான ஏற்பாடு.

1983-ல் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் இந்தக் கதைக்குக் கணக்கு முடித்தார். வாஷிங் மெஷின், வேக்குவம் கிளீனர் எல்லாம் வந்தும் அமெரிக்க இல்லத்தரசியின் வேலை நேரம் பெரிதாகக் குறையவில்லை என்று காட்டினார். துவைப்பது சுலபமானதும், அடிக்கடி துவைக்கணும் என்றானது. முன்பு கணவரும் பிள்ளைகளும் செய்த விறகு வெட்டுவது, தண்ணீர் சுமப்பது போன்ற வேலைகளை இயந்திரமும் குழாயும் எடுத்துக்கொண்டன. அம்மாவின் பங்கு மட்டும் அப்படியே நின்றது.

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம். வீட்டை ஒழுங்குபடுத்துற மனநிலை என்றால், எதைத் தூக்கிப் போடலாம், எந்த டப்பா வாங்கலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போ முதல் கேள்வி வேற: இந்த இடத்தில் தினமும் வேலை செய்கிறது யார்? அடுத்த கேள்வி: அவங்க இல்லாத அன்றைக்கு வேறு யாராவது இங்கே வேலை செய்ய முடியுமா?

முதல் கேள்விக்குப் பதில் தேட, ஒரு வாரம் அம்மாவோடு அடுப்படியில் நின்றேன். அவங்க கை எங்கே போகுது என்று பார்த்தேன். கேட்காமலேயே நிறையப் புரிந்தது. எண்ணெய், உப்பு, அஞ்சறைப்பெட்டி எல்லாம் ஒரு கை தூரத்தில். மேல் தட்டில் இப்போ தீபாவளிக்கு மட்டும் இறங்குகிற பாத்திரங்கள்.

லேபிள்களை மட்டும் கிழிக்கவில்லை. அம்மாவுக்கு அவை தேவையில்லை. எனக்கும் அப்பாவுக்கும் தேவை. கடலைப்பருப்பு எது, துவரம்பருப்பு எது என்று 58 வயதில் அப்பா படித்துத் தெரிந்துகொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை சமையல் எங்க ரெண்டு பேருடையது. சாம்பார் இன்னும் தண்ணியாத்தான் வருது. அம்மா ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாங்க, "கடுகு எங்கே?" என்று கேட்டால் பதில் சொல்றதில்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.