துரியோதனன் தொடையில் ஒரு குடம்

ஆம்பூர்ல நான் படிக்கும்போது, ஆண்டுவிழா இசை நாடகத்துக்காகப் பத்தடி துரியோதனனை தெர்மாகோல்ல செஞ்சோம். மேடைக்குத் தூக்கும்போதே கழுத்து உடைஞ்சுபோச்சு. பார்த்துக்கிட்டிருந்த கூத்து வாத்தியார் சொன்னார்: "அவனைத் தூக்கக் கூடாது தம்பி, படுக்க வைக்கணும்."

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு மரபே இருக்கு. 1989-ல் பிரிக்கப்பட்ட பழைய வடஆற்காடு மாவட்டம் முழுக்க, திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. நிறைவாகப் பதினெட்டாம் போர். அதற்காகத் திடலில் மண்ணைக் குவித்து, 40, 50 அடி நீளத்துக்குக்கூட துரியோதனனை மல்லாக்கப் படுத்தபடி செய்வார்கள். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றிச் சண்டை போடுவார்கள். தொடைக்குள் சிவப்பு நீர் நிரப்பிய பானை புதைந்திருக்கும். பீமன் கதையால் அடித்தால் உடையும். அந்தச் சிவப்பைத் தடவித்தான் திரௌபதி கூந்தலை முடிவாள்.

அப்புறம்? ஊர் ஜனங்க அந்த மண்ணை அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போவாங்க. அங்கே எதையும் சுமக்கவோ பத்திரப்படுத்தவோ வேண்டியதில்லை. எங்க தெர்மாகோல் தலைதான் ரொம்ப நாள் ஸ்டோர் ரூம்ல கிடந்துச்சு.